உப்பை உறையவிடாதவன்

அந்த ஷட்டரை இறக்கிவிடுங்க தம்பி. தூறல் உள்ள அடிக்கி. எனக்காகச் சொல்லலை, நான் நனைஞ்சா துடைச்சுக்கிடுவேன். பையில கோடிச் சேலை இருக்கு. கோடி தண்ணி காணக்கூடாதுல்லா? பையை மேல போடுங்கன்னு கண்டக்டர் சொல்லிட்டுப் போறான். நான் போடமாட்டேன். மேல ஒழுகுது, பாருங்க. மடியிலேயே இருக்கட்டும். கடைக்காரன் ஒரு கவர்ல போட்டுத்தான் குடுத்தான். அவனை நம்ப முடியுமா? நான் வீட்டுல வச்சு இன்னும் ரெண்டு கவர் சுத்தி, வாயை மடிச்சு நூல் போட்டுக் கட்டிட்டேன். தண்ணி படாம ஒரு பொருளைப் பாத்துக்கிடுறது எப்படின்னு எனக்கு எவனும் சொல்லித்தர வேண்டாம். முப்பது வருஷம் என் வேலையே அதுதான்.

நீங்க எங்க போறீய? திசையன்விளையா? அப்ப எனக்கப்புறமும் போகணும். நான் சாத்தான்குளத்துல இறங்கிடுவேன். துட்டி வீட்டுக்குப் போறேன். எங்க அத்தான், எங்க அக்கா வீட்டுக்காரர், நேத்துச் சாயங்காலம் போயிட்டாவ. சுயம்புலிங்கம்னு பேரு. தூத்துக்குடியில பழைய ஆளுவகிட்டக் கேட்டா அந்தப் பேரைச் சொன்னதும் எந்திரிச்சு நிப்பான். யூனியன் செயலாளரு.

எனக்கு ஒருத்தனும் சொல்லி அனுப்பலை. அக்காகூடப் பொறந்த தம்பி நான். ஒரே தம்பி. காலையில பேப்பர் வாங்கப் போனேன். பஸ் ஸ்டாண்டு சுவத்துல கண்ணீர் அஞ்சலின்னு போஸ்டர் ஒட்டியிருக்கான் சங்கத்துக்காரன். போட்டோவுல அத்தான் சிரிச்சுக்கிட்டு இருக்காவ. பசை இன்னும் காயலை. அப்படியே நின்னுட்டேன் தம்பி. பக்கத்துல டீக்கடைக்காரன் என்ன அண்ணாச்சின்னு கேக்கான், கையை நீட்டிப் போஸ்டரைக் காட்டினேன்.

சொல்லாட்டா என்ன? போகாம இருப்பேன்னு நினைச்சானுவளா? நான் போகாம ஒண்ணும் நடக்காது. பொறந்த வீட்டுக் கோடி விழாம எங்க பக்கத்துல பிரேதத்தை எடுக்கமாட்டாவ. எம்புட்டுப் பெரிய தலைவனா இருந்தாலும் பொண்டாட்டிக்கு அவ பொறந்த வீட்டுச் சேலை வந்தாகணும். அக்காவுக்குப் பொறந்த வீடுன்னா நான் ஒருத்தன்தான். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அதனால இப்ப எல்லாரும் எனக்காகத்தான் காத்துக்கிட்டு இருப்பானுவ. இத்தனை வருஷமா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனவனுவ, இன்னைக்கு என் மூஞ்சியைப் பாத்துத்தான் ஆகணும். நல்லாப் பாக்கட்டும்.

என் வீட்டுக்காரி வரலைன்னுட்டா. முட்டி வலியாம். நேத்துதான் கோயில்ல மூணு சுத்து சுத்திட்டு வந்தா.

ஏன் பேசலைன்னு கேக்கீயளா? கேளுங்க, தப்பில்லை. என்னைக் கருங்காலின்னு சொல்லுதானுவ. சின்னப் பிள்ளைய நீங்க, அந்த வார்த்தையைக் கேள்விப்பட்டிருக்கமாட்டீய. ஸ்ட்ரைக் நடக்கும்போது உள்ள போய் வேலை செய்யுறவன், அடுத்தவன் இடத்துல போய் நிக்கிறவன், அவனைச் சொல்லுறது. என்னை. தவசிக்கனியை. நான் என்ன செஞ்சேன்னு நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க. நீங்க படிச்சவுக. நியாயம் தெரியும்.

வேம்பார் ரோட்டுல கடற்கரை ஓரமா ஒரு சோடியம் கம்பெனி இருந்துச்சு. இப்ப இல்லை, இறால் பண்ணை போட்டிருக்கான். அங்க செல் ஆபரேட்டர் நான். செல்லுன்னா போன் இல்லை. பெரிய இரும்புத் தொட்டி, உள்ளுக்குள்ள செங்கல் கட்டி, உப்பை உருக்கி ஊத்தி வச்சிருக்கும். சாதாரண உப்புதான், நம்ம உப்பளத்து உப்பு, கூட வேற ஒரு உப்பு சேப்போம், சீக்கிரம் இளகுறதுக்கு. அடியில அடுப்பு கிடையாது. அதுதான் நீங்க தெரிஞ்சுக்கிட வேண்டியது. கரண்டுதான் அடுப்பு. கரண்டு பாயப் பாயத்தான் உப்பு குழம்பாட்டம் இளகி, உள்ளுக்குள்ள மங்கலாச் சிவந்து கிடக்கும். அந்தக் கரண்டேதான் உப்பைப் பிரிக்கவும் செய்யும். ஒரு பக்கம் குளோரின் கிளம்பி மேல போயிரும். இன்னொரு பக்கம் சோடியம் மிதந்து வந்து குழாய் வழியா ஏறும். பாத்திருக்கீயளா சோடியத்தை? பள்ளிக்கூடத்துல வாத்தியார் பாட்டில்ல ஒரு துண்டு காட்டியிருப்பாரு, கறுத்துப்போய்க் கிடந்திருக்கும். அது சோடியமா? உருகி வரும்போது பாக்கணும் தம்பி. வெள்ளி அப்படி இருக்காது. கத்தியை வச்சா வெண்ணெய் வெட்டுற மாதிரி வெட்டும், வெட்டின இடம் கண்ணாடி மாதிரி மின்னும், நீங்க மூச்சு விடுறதுக்குள்ள மங்கிடும். தண்ணி பட்டா வெடிக்கும். வேர்வை பட்டாக் கை வெந்துரும். எண்ணெய்க்குள்ளதான் வச்சிருக்கணும்.

நாங்க அதைக் கறக்கிறதுன்னுதான் சொல்லுவோம். மாட்டுக்குத் தீனி போட்டா நேரத்துக்குக் கறந்தாகணும்லா? அது மாதிரி. குழாயில சாம்பல் மாதிரி ஏதாவது அடைக்கும், கம்பியை விட்டுக் குத்திக் குத்தி விடணும். கறக்காம விட்டா வழியும், வழிஞ்சா பத்தும். கரண்டை நிப்பாட்டினா உப்பு உறையும். ஒரு தடவை உறைஞ்சா செல்லு செத்துச்சு. மறுபடி உருக்க முடியாது, உடைச்சு எடுத்துட்டுப் புதுசாத்தான் கட்டணும். மாசக்கணக்குல ஆகும். அதனால எங்க கம்பெனியில பொங்கல் கிடையாது, தீபாவளி கிடையாது. எவன் வீட்டுல எது நடந்தாலும் செல்லுப் பக்கத்துல ஒருத்தன் நிக்கணும்.

என்னை அந்த வேலையில சேத்துவிட்டதே அத்தான்தான். அதை மறைக்கலை. அவுகளும் செல் ஆபரேட்டர்தான்.

அந்த வருஷம் ஐப்பசியில ஸ்ட்ரைக் வந்துச்சு. எதுக்குன்னு கேளுங்க. எங்களுக்காக இல்லை! எங்களுக்கு என்ன குறை, நாங்க பெர்மனெண்ட். உப்புக் கொட்டுற ஆளுவளுக்காக. சூசைன்னு ஒருத்தன் இருந்தான். சூசைமிக்கேல். களத்துல இருந்து உப்பைத் தலையில சுமந்து வந்து செல்லுக்குக் கொட்டுறவன். அவனும் அவன்கூட ஒரு கூட்டமும் காண்ட்ராக்ட்ல இருந்தாவ. அவனுவளைப் பெர்மனெண்ட் ஆக்கணும்னு அத்தான் நின்னாவ. உப்பு கொட்டாம செல்லு ஓடுமா, அப்ப அவனும் தொழிலாளிதானேன்னு. நல்ல மனசுதான் அத்தானுக்கு. நான் இல்லைன்னு சொல்லலை. ஸ்ட்ரைக் ஓட்டுல நானும் கையைத் தூக்கினேன், கேட்டுக்கிடுங்க. எனக்குச் சூசைமேல ஒரு கோவமும் கிடையாது, அப்ப.

எல்லாரும் வெளிய போயிட்டா செல்லு உறைஞ்சுருமே? அதனால யூனியனும் கம்பெனியும் உக்காந்து பேசி, நாலு பேரு மட்டும் உள்ள இருக்கலாம், உப்பு உறையாமப் பாத்துக்கிடலாம்னு முடிவு பண்ணினாவ. ஸ்ட்ரைக் முடிஞ்சு திரும்பி வாரதுக்குக் கம்பெனி வேணும்லா? அந்த நாலு பேருக்கும் தலைவனா யாரைப் போடலாம்னு வந்தப்ப அத்தான் யோசிக்கவே இல்லை. கனி இருக்கட்டும்னாவ. என் மச்சினன், எனக்கு அவன்மேல நம்பிக்கை இருக்குன்னு எல்லார் முன்னாலயும் சொன்னாவ. சொன்னாவளா இல்லையா? அப்புறம் எப்படித் தம்பி நான் கருங்காலி ஆவேன்?

விஷயம் இங்கதான் இருக்கு. உறையாம வைக்கணும்னா கரண்டு விடணும். கரண்டு விட்டா உப்பு சும்மா சூடேறிக்கிட்டு மட்டும் கிடக்காது, சோடியம் வரத்தான் செய்யும். சூடு தனி, வேலை தனின்னு அதுல கிடையாது. பாதிக் கரண்டு விட்டா பாதி வரும், அவ்வளவுதான். உப்புக்கு ஸ்ட்ரைக்குன்னா தெரியுமா? அத்தானும் செல் ஆளுதானே, அவுகளுக்குத் தெரியாதா? கேட்டைச் சாத்துறதுக்கு முன்னால என்னைக் கூப்பிட்டுத் தோள்ல கையைப் போட்டுச் சொன்னாவ. "கனி, கறக்காம முடியாது. கற. கறந்ததை உள்ள பெரிய தொட்டியில எண்ணெய்க்குள்ள போட்டு வை. டின்னுல மட்டும் அடைக்காத. அடைச்சா முத்திரை குத்தணும், முத்திரை குத்தினா லாரி ஏறிரும். வடக்க மருந்துக் கம்பெனிக்காரனுக்கு ஒரு மாசம் சோடியம் போகலைன்னா அவன் கழுத்தைப் பிடிப்பான், நம்ம கம்பெனிக்காரன் இறங்கி வந்துருவான். அதுவரைக்கும் தாக்குப்பிடிச்சாப் போதும்."

சரி அத்தான்னேன்.

முத்திரைன்னா வேற ஒண்ணுமில்லை. கரண்டு மீட்டர்ல ஈயக்கட்டி தொங்கும்லா, அது. டின்னுக்கு மூடி போட்டு, வளையத்தை முறுக்கி, கம்பியைக் கோத்து, ஈயத்தைக் குறடால நசுக்கிவிடுவோம். ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் ஒரு குறடு. என் குறட்டுல 'தக'ன்னு விழும். தவசிக்கனி. முத்திரை இல்லாத டின்னை எந்த லாரிக்காரனும் தொடமாட்டான், பயம். என் முத்திரை விழுந்த டின்னுன்னா வடக்கத்திக்காரன் திறந்துகூடப் பாக்கமாட்டானாம். எங்க கம்பெனி ஜி.எம். சொல்லியிருக்காரு. தவசிக்கனி டின்னுன்னே பேரு.

நாங்க நாலு பேரு உள்ள. மத்தவனெல்லாம் வெளிய கேட்டுல பந்தல் போட்டு உக்காந்துட்டான். மழை பிடிச்சுக்கிட்டுச்சு. ஓலைப் பந்தல், ஒழுகுது, உக்காந்து கோஷம் போடுதானுவ. கேட்டுக்கு வெளிய நிக்கிறது ஒரு வேலையா தம்பி? உள்ள வந்து செல்லுகிட்ட நின்னு பாக்கணும். குழாய் குத்தணும், குளோரினைப் பாக்கணும், உப்பு குறையக் குறையக் கொட்டணும். உப்புக் கொட்டுறதுக்கு யாரு இருக்கா? சூசை வெளிய இருக்கான். நானே சுமந்தேன். கூடையைத் தலையில வச்சு, களத்துக்கும் செல்லுக்கும் நடையா நடந்தேன். கழுத்து ஒடிஞ்சுரும்போல இருந்துச்சு, அப்புறம் பழகிப்போச்சு. ஜி.எம். வந்து பாத்துட்டு, "பரவாயில்லையே தவசிக்கனி, நாலு பேரே போதும்போல இருக்கே"ன்னு முதுகுல தட்டினாரு. பெரிய மனுஷன் வாயில இருந்து அப்படி ஒரு வார்த்தை வருமா? சந்தோஷமா இருந்துச்சு, ஏன் பொய் சொல்லணும்?

அப்புறம் தொட்டி நிரம்பிப்போச்சு. நிரம்பினா என்ன செய்யுறது? சொல்லுங்க. எண்ணெய்க்கு மேல சோடியம் நீட்டிக்கிட்டு நிக்கலாமா, அந்த மழையில? கடல் காத்து வேற, காத்தே ஈரமா இருக்கும். ஜி.எம். டின்னுகளைக் கொண்டாந்து இறக்கினாரு. பாதுகாப்புக்குத்தான்பா, சும்மா அடைச்சு உள்ளயே வைன்னாரு. அடைச்சேன். மூடி போட்டா வளையம் முறுக்கணும். வளையம் முறுக்கினா முத்திரை குத்தணும். குத்தாம விட்டா அது என்ன வேலை? அரைகுறை வேலை எனக்கு ஆகாது, சின்ன வயசுல இருந்தே அப்படி.

வெளிய எப்படியோ தெரிஞ்சுபோச்சு. நாலு பேர்ல ஒருத்தன் சொல்லியிருப்பான். அத்தான் வரலை. அக்காவை அனுப்பினாவ.

அக்கா தினம் சோறு கொண்டாருவா. தங்கபுஷ்பம்னு பேரு, எங்க அம்மா போனதுக்கப்புறம் என்னை வளத்ததே அவதான். பந்தல்ல அத்தானுக்கு ஒரு தூக்குச்சட்டி, கேட்டுக் கம்பி வழியா எனக்கு ஒண்ணு. அன்னைக்கு நல்ல மழை, மத்தியானம். குடை பிடிச்சுக்கிட்டு வந்து நிக்கா. சட்டியைக் கையிலேயே வச்சுக்கிட்டு, "கனி, டின்னுக்கு முத்திரை குத்துதியாமே"ங்கா.

"தொட்டி நிரம்பிட்டுக்கா."

"நிரம்பிட்டா?"

"நிரம்பப் போகுது. முக்கால் தொட்டி ஆயிட்டு."

"இன்னும் கால் இருக்குல்லா?"

"மழை பெய்யுதுக்கா. ஒரு சொட்டு விழுந்தாப் போதும், அவ்வளவும் வெடிச்சுரும்."

"தொட்டி கூரைக்குள்ளதானே இருக்கு? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சியா? உங்க அத்தான் எல்லாம் சொல்லித்தான் விட்டாவ. டின்னுல போட்டுக்கோ, மூடிகூடப் போட்டுக்கோ. அந்த ஈயத்தை மட்டும் குத்தாத. அது ஒண்ணைத்தான் கேக்காவ."

பாத்தீயளா? என் வேலையைப் பத்தி கேட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டு எனக்குச் சொல்லுதா. எனக்குக் கோவம் வந்துட்டு. "முத்திரை குத்தாம விட்டா காத்து ஏறிக் கறுத்துப்போகும்க்கா. என் கையால கறந்த சோடியம் கறுத்துக் கிடந்துச்சுன்னு நாளைக்கு நாலு பேரு சொல்லவா?"ன்னேன்.

அவ மழையையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் கேக்கா, "குளோரினை என்ன செய்யுத?"

"சுண்ணாம்புத் தண்ணியில விட்டுருதோம். வாங்க ஆளு இல்லைல்லா, வீணாத்தான் போகுது."

"அது வீணாப் போகலாம். இது போகக்கூடாதா?"

என்ன பேச்சு இது! குளோரின் காத்து தம்பி. மூக்கைப் பொத்திக்கிட்டு ஓட வேண்டிய காத்து. அதுவும் சோடியமும் ஒண்ணா? அவ சோடியத்தைக் கண்ணால பாத்ததுகூட இல்லை. அவகிட்ட என்னத்தைச் சொல்ல? சோத்தைக் குடு அக்கா, பசிக்குதுன்னேன். அவ, "இது என் தம்பிக்குக் கொண்டாந்தது. அவன் உள்ள இருந்தா வரச்சொல்லு"ங்கா. எப்படி இருக்கும் எனக்கு? கண்ணு முன்னால நிக்கேன்! அவ சட்டியைக் கேட்டுக்கிட்ட தரையில வச்சுட்டுப் போயிட்டா. நான் கம்பிக்கு ஊடே கையை விட்டு எடுத்துச் சாப்பிட்டேன். ஏன் சாப்பிடக்கூடாது? அயிலைக் குழம்பு. அந்தத் தூக்குச்சட்டி இன்னும் என் வீட்டுலதான் இருக்கு. அவளும் கேக்கலை, நானும் குடுக்கலை. அன்னைக்குப் பேசினதுதான் கடைசி.

ஏரல் பாலம் வந்துட்டு. ஆத்துல தண்ணியைப் பாருங்க, கரையைத் தொட்டுக்கிட்டுப் போகுது.

அப்புறம் என்னன்னா கேக்கீய? அப்புறம் என்ன, டின்னு போயிட்டு. கடற்கரைப் பக்கம் பின்கேட்டு ஒண்ணு உண்டு, அது வழியா லாரி வந்து ஏத்திட்டுப் போயிட்டான். நான் பாக்கலை. நான் செல்லுகிட்ட நின்னவன், எனக்கும் லாரிக்கும் என்ன சம்பந்தம்? டின்னுக்கு முத்திரை குத்தினேன், ஒத்துக்கிடுதேன். லாரியில ஏத்தினது நானா? மணல்ல டயரு புதைஞ்சுபோச்சுன்னு கூப்பிட்டப்ப நாங்க நாலு பேரும் போய்த் தள்ளிவிட்டோம், அது வேற. மழையில சிக்கிக்கிட்டுக் கிடந்தா யாரா இருந்தாலும் தள்ளத்தானே தம்பி செய்வோம்? மனுஷத்தன்மைன்னு ஒண்ணு இருக்குல்லா?

ஸ்ட்ரைக் உடைஞ்சுட்டு. மருந்துக் கம்பெனிக்காரனுக்குச் சரக்கு போயிட்டுன்னு தெரிஞ்சதும் ஒவ்வொருத்தனா மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு உள்ள வந்துட்டான். அத்தான் எழுதிக் குடுக்கலை. வேலையை விட்டுத் தூக்கிட்டாவ. சூசை கூட்டத்தைக் கேட்டுக்குள்ளேயே விடலை. அத்தான் அக்காவைக் கூட்டிக்கிட்டு சொந்த ஊருக்கே வந்து, சாத்தான்குளத்துல ஒரு சைக்கிள் கடை போட்டாவ. யாருக்கு நஷ்டம்? ஒரு கையெழுத்து, முடிஞ்சுபோகும். நான்கூட ஆள் விட்டுச் சொன்னேன், ஜி.எம்.கிட்ட நான் பேசுதேன் அத்தானை வரச்சொல்லுன்னு. அவுக வரலை.

ஆனா ஒண்ணு தம்பி, அத்தனை செல்லும் உயிரோட இருந்துச்சு. ஒண்ணுகூட உறையலை. அதை யாராவது சொல்லுதானா? திரும்பி வந்தவனெல்லாம் எந்தச் செல்லுல வேலை பாத்தான்? நான் காப்பாத்தி வச்ச செல்லுல. அதுல வந்த சோத்தைத் தின்னுக்கிட்டே என்னைக் கருங்காலின்னான். டீ குடிக்கப் போனா என் பக்கத்துல இருந்து எந்திரிச்சுப் போவான். நான் அசரலை. என் குறட்டை இடுப்புல மாட்டிக்கிட்டுத்தான் நடப்பேன்.

கம்பெனி என்ன ஆச்சா? மூடிட்டாவ. மூடுறதுக்கு முன்னால கொஞ்சங் கொஞ்சமா ஆளைக் குறைச்சாவ. நாலு பேரை வச்சே ஓட்ட முடியும்னு எப்படியோ கண்டுக்கிட்டானுவ. இந்த வருஷம் பத்துப் பேரு, அடுத்த வருஷம் இருபது பேருன்னு போனான். கடைசியா வெளிநாட்டுச் சோடியம் சல்லிசா வருதுன்னு நிப்பாட்டிட்டாவ. கரண்டை இறக்குற அன்னைக்கு ஜி.எம்., புது ஜி.எம்., என்னைக் கூப்பிட்டு நீதான் சீனியர், நீயே ஸ்விட்சை இறக்குன்னாரு. மாட்டேன்னுட்டேன். வேற எவனோ இறக்கினான். அத்தனை வருஷமும் ஒரு இரைச்சல் கேட்டுக்கிட்டே இருக்கும், அது நின்னதும் என் காதே போயிட்டோன்னு நினைச்சேன். செல்லு ஆற ரெண்டு மூணு நாள் ஆச்சு. போய்க் கையை வச்சுப் பாத்தேன். கல்லு. வெள்ளைக் கல்லு. அழுதேன் தம்பி. பெத்தவளுக்கு அழுத மாதிரி அழுதேன்.

அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு ஒரு போன் வந்துச்சு. அத்தான். அத்தனை வருஷம் கழிச்சு. "கனி, உறைஞ்சுபோச்சாமே"ன்னாவ. ஆமா அத்தான்னேன். அப்புறம் மூச்சு மட்டும் கேக்குது. வச்சுட்டாவ. கேலிக்குத்தான் கேட்டிருப்பாவ, வேற எதுக்கு? அழுதாவளோ என்னவோ, லைன் சரியில்லை.

சாத்தான்குளம் இன்னும் எவ்வளவு தூரம்? நாசரேத் தாண்டியாச்சுல்லா. எடுத்துட மாட்டாவ. கோடி வராம எடுக்க முடியாது.

இருங்க, போன் அடிக்கி. நம்பரு தெரியலை. ஹலோ? ஆமா, தவசிக்கனிதான். யாரு? முத்துமாலையா? மருமவனே! தம்பி, எங்க அக்கா மவன். பாத்தீயளா, கூப்பிட்டுட்டான். சொல்லுப்பா, வந்துக்கிட்டேதான் இருக்கேன். கோடி கையில இருக்கு, கவலைப்படாத, அம்மாகிட்டச் சொல்லு. பஸ்ஸுல இருக்கேன், தாமசம் இல்லை… என்னது? திரும்பச் சொல்லு. சரியாக் கேக்கலை. கோடி விழுந்துட்டா? எப்படி விழும்? நான் இன்னும் வரலையே! யாரு போட்டா? யாரு? சூசையா? எந்தச் சூசை? உப்புக் கொட்டுற சூசையா? சூசை மாமாவா? ஏலே, நீ அவனை மாமான்னா கூப்பிடுத? எவன்லே உனக்கு மாமா? அம்மாவே சொன்னாளா? பொறந்த வீட்டு ஆளா அவனை நிக்கச் சொன்னாளா? அவ வாயால? நீ போனை அவகிட்டக் குடு. குடுன்னா குடு. ஹலோ. ஹலோ.

வச்சுட்டான்.

கேட்டீயளா தம்பி? சூசைமிக்கேல் கோடி போட்டானாம். அக்காவே கூப்பிட்டு, நீ என் தம்பி ஸ்தானத்துல நில்லுன்னு சொன்னாளாம். அவன் சேலையை வாங்கிட்டு வந்து முறைப்படி போட்டுட்டானாம். எடுக்கப் போறாவளாம். என்னை அலைய வேண்டாம், அப்படியே திரும்பிப் போகச் சொல்லுதான். இது நியாயமா? நீங்க சொல்லுங்க, நீங்க படிச்சவுக. அவன் யாரு? சாதியா, சனமா? வேதக்காரன், கழுத்துல சிலுவை போட்டவன். அவனுக்குக் கோடி போடத் தெரியுமா? எந்தப் பக்கம் நிக்கணும், எப்படிக் குடுக்கணும்னு ஏதாவது தெரியுமா? நான் ஒருத்தன் உயிரோட இருக்கேன். ரத்தம் நான். என் இடத்துல எவனோ ஒருத்தன் வந்து நின்னு என் வேலையைச் செஞ்சுட்டுப் போவான், ஊரே அவனை வச்சுக் காரியத்தை முடிச்சுக்கிடும், நான் வெளிய இருந்து வேடிக்கை பாக்கணுமா? ஒருத்தன் இடத்துல இன்னொருத்தன் போய் நின்னா அதுக்குன்னு ஒரு பேரு இருக்கு தம்பி. அதுக்குன்னு ஒரு…

என்ன பாக்கீய? ஏன் அப்படிப் பாக்கீய?

ஒண்ணுமில்லை. தண்ணி இருந்தா ஒரு மடக்கு குடுங்க.

திரும்பிப் போறதா? நானா? நான் எதுக்குத் திரும்பிப் போகணும்? இந்தா சாத்தான்குளம் வந்துட்டு. இறங்கத்தான் போறேன். நேரா அவ வீட்டுக்குப் போவேன். உள்ள விடமாட்டானுவளா, விடாட்டா போறானுவ. கேட்டுக்கு வெளிய நிப்பேன். மழை பெய்யட்டும், நிப்பேன். எம்புட்டு நேரம்னாலும் நிப்பேன். அவ ஒரு தடவை வெளிய வந்துதானே ஆகணும்? வந்து என்னைப் பாத்துதானே ஆகணும்? அக்கா, இந்தா நிக்கேன், உன் தம்பிதான்னு சொல்லுவேன். என்ன செய்வா?

இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க தம்பி, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிடுதேன். ஒழுகுற பக்கம் நீட்டாதீய, இப்படி நெஞ்சோட பிடிங்க. ஹோல்டான், ஹோல்டான், ஆள் இறங்கணும்! ம், குடுங்க. கவருக்கு மேல கையை வச்சுப் பாருங்க. நல்லா அமுத்திப் பாருங்க. ஒரு சொட்டு படலை பாத்தீயளா? இம்புட்டு மழையில ஒரு சொட்டு படலை.